ஒளித்துவைப்பது நீங்களாக இருக்க வேண்டாம்

நாய்க்கு மோப்பப் பயிற்சி தரும்போது பொருளை வேறொருவர் ஒளித்துவைக்கட்டும்; இடம் உங்களுக்கும் தெரிய வேண்டாம். நன்றாகப் பழகிய நாய் பொருளைவிட உங்களைத்தான் கவனிக்கும். அலமாரி அருகே உங்கள் கால் ஒரு நொடி தயங்கினாலும், வார் லேசாக இறுகினாலும் போதும், பொருளைக் கண்டுபிடித்துவிட்டதுபோல் அங்கேயே உட்கார்ந்துவிடும்!

கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில் தொழில்முறை மோப்ப நாய்களும் அவற்றை நடத்துபவர்களுமாக 18 ஜோடிகள் சோதிக்கப்பட்டன. வாசனைப் பொருள் எங்குமே வைக்கப்படவில்லை. ஆனாலும், 'இங்கே இருக்கிறது' என்று நடத்துபவர்களை நம்பவைத்த இடங்களில்தான் நாய் கண்டுபிடித்ததாக அவர்கள் அதிகம் சொன்னார்கள்.

எனவே வாரைத் தொய்வாகப் பிடியுங்கள். நாய் உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் கூரையைப் பாருங்கள். ஒளித்தவர் மறைவிலிருந்து 'சரி' என்று குரல் கொடுத்ததும் தாராளமாகக் கொஞ்சலாம்.