மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி தொற்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்.ஐ.வி.யையும், கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் சி-யையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் ரத்தத்தில் இருக்கும், இரண்டும் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் கிடக்கும். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெண்ணுக்கு அவை வந்து சேரும் பாதைகள் வேறு வேறு. எச்.ஐ.வி. பெரும்பாலும் உடலுறவு வழியாக வருகிறது. ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் ஊசி, பிளேடு, ஏற்றிய ரத்தம் ஆகியவற்றின் வழியாக வருகிறது. ஆண்-பெண் உறவில் அது பரவுவது அரிது. 60 வயதுப் பெண்ணுக்கு ஹெபடைடிஸ் சி என்று தெரிந்ததும் அவருடைய நடத்தையை விசாரிப்பதுதான் முதல் தவறு. அவர் வாழ்நாளில் எங்கே, யாரிடம், என்ன ஊசி போட்டுக்கொண்டார் என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு வரலாறும் துணை நிற்கிறது. காம்பியா, கினி-பிசாவ் போன்ற நாடுகளில் ஹெபடைடிஸ் சி இளையவர்களைவிட முதியவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. காலனி ஆட்சிக் காலத்தில் தூக்க நோய்க்கும் (ஒருவகை ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோய்) வேறு நோய்களுக்கும் ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டார்கள். ஒரே சிரிஞ்சு பலரைத் தொட்டது. பிசாவ் நகரில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று எச்.ஐ.வி.-2 என்ற வகைத் தொற்றையும் இதே வழியோடு இணைத்தது: தூக்க நோய்க்கும் காசநோய்க்கும் போட்ட ஊசிகள், பெண் உறுப்புச் சிதைப்புச் சடங்கின் கத்தி.

அந்தச் சடங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது கொடுமை, நிறுத்தப்பட வேண்டியது. ஆனால் இன்றைய எச்.ஐ.வி. பரவலுக்கு அதுவே பெரிய காரணம் என்று எழுதுவது கணக்குக்கு ஒத்துவராது. கினி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 95 பேருக்கு அது செய்யப்பட்டிருக்கிறது. அதே நாட்டில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 100-க்கு 2 பேருக்கும் குறைவு. ஒரே கத்தியால் பல சிறுமிகளை அடுத்தடுத்து வெட்டுவதில் உள்ள ரத்த ஆபத்தைத் தனியாகச் சொல்லுங்கள், அதை ஊதிப் பெருக்க வேண்டாம்.

ஊசிக்கு வருவோம். "ஊசியை மாற்றிவிட்டேன், சிரிஞ்சு மட்டும் பழையது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உடலிலிருந்து ஊசியை எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் சிரிஞ்சுக் குழாய்க்குள் ஏறிவிடும். முனையை மாற்றினாலும் அது உள்ளேயே இருக்கும். அந்தச் சிரிஞ்சைப் பல டோஸ் மருந்துக் குப்பியில் நுழைத்தால் குப்பியே கெட்டுவிடும். அடுத்தவருக்குப் புதுச் சிரிஞ்சு எடுத்தாலும் பயனில்லை. ஆய்வகச் சோதனையில் ஹெபடைடிஸ் சி வைரஸ் சிரிஞ்சுக்குள் 63 நாள்வரை உயிர்ப்போடு இருந்தது. ஆகவே "நேற்றுப் பயன்படுத்தியது, காய்ந்துவிட்டது" என்பதெல்லாம் செல்லாது. ஒருவருக்கு ஒரு சிரிஞ்சு, ஒரு ஊசி. போட்டதும் மூடியை மறுபடி மாட்டாமல் நேராகப் பாதுகாப்புப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். அமுக்கித் திணிக்கும்போதுதான் கை குத்துப்படுகிறது. மாத்திரையே போதும் என்ற இடத்தில் ஊசி கேட்டு வாங்கும் வழக்கத்தையும் பேசித்தான் மாற்ற வேண்டும். பிரசவத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்ட பெண்ணிடம் எந்த ஆண்டு, எந்த ஊரில் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஹெபடைடிஸ் சி கண்டறியப்பட்டதே 1989-இல்தான், அதற்கு முன் ஏற்றிய ரத்தத்தில் அதைச் சோதிக்க வழியில்லை.

எச்.ஐ.வி. விஷயத்தில் பெரிய தவறு, திருமணத்தைப் பாதுகாப்பு என்று எண்ணுவது. நைஜீரியாவில் 2018-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 1.9 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 0.9 சதவீதம் பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் நெகட்டிவ் வந்தால் அத்தோடு சோதனையை முடித்துவிடுகிறார்கள். மனைவிக்கு நெகட்டிவ் என்றால் கணவருக்கும் நெகட்டிவ் என்று பொருளல்ல. தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருப்பது சாதாரணம். தொற்று புதிதாக வரும்போது ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். கர்ப்பத்திலோ பாலூட்டும்போதோ அப்படி வந்தால் குழந்தைக்குப் போகும் ஆபத்தும் உச்சத்தில் இருக்கும். ஆகவே கணவரையும் சோதிக்க வேண்டும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மறுபடி சோதிக்க வேண்டும்.

ஆணுறை கொடுப்பவர்கள் எண்ணெய் பற்றிச் சொல்ல மறக்கிறார்கள். கானா, பெனின், மாலி வீடுகளில் ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் ஷியா வெண்ணெய் இல்லாத அலமாரி குறைவு. அதை வழுவழுப்புக்குத் தடவினால் லேடெக்ஸ் ஆணுறை சில நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழியும். நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் சரி. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரால் செய்த பெண்ணுறைக்கு எண்ணெயால் கேடில்லை. எலுமிச்சைச் சாறு, படிகாரம், சோப்பு கொண்டு பெண்ணுறுப்பின் உள்ளே கழுவி உலர்த்துவதும் தீங்குதான்: பாதுகாக்கும் நல்ல பாக்டீரியா அழிகிறது, தோல் புண்ணாகிறது, வைரஸுக்கு வாசல் திறக்கிறது. கிருமி கொல்லும் என்று நம்பிய நோனாக்சினால்-9 ஜெல்லுக்கும் இதே கதை. பெனின், கோட் டிவோர், தென் ஆப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளில் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2000-இல் வந்தபோது, அதை அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கே தொற்று கூடுதல் என்று தெரிந்தது.

தடுப்பு மாத்திரையான பிரெப் எடுக்கும் பெண் தினமும் எடுக்க வேண்டும்; உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் எடுக்கும் முறை ஆண்களுக்கானது. அந்த மாத்திரை ஹெபடைடிஸ் சி-யைத் தடுக்காது. ஆபத்தான தொடர்புக்குப் பின் எடுக்கும் எச்.ஐ.வி. மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் சி-க்கு அப்படி ஒரு மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தடுப்பூசி இருப்பது ஹெபடைடிஸ் பி-க்கு. இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் உண்டு.

பரிசோதனையில் நடக்கும் பிழைகள் இன்னும் நுட்பமானவை. எச்.ஐ.வி.-2 பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் வகை. அது எச்.ஐ.வி.-1-ஐவிட மெதுவாக முற்றும், தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதும் குறைவு. ஆனால் எச்.ஐ.வி.-1-க்கான வைரஸ் அளவுச் சோதனை அதைப் பிடிக்காது. "வைரஸ் இல்லை" என்று தாள் வரும், நோய் எதிர்ப்பு அணுக்களான சி.டி.4-இன் எண்ணிக்கை மட்டும் இறங்கிக்கொண்டே போகும். நெவிரபின், எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் இரண்டுக்கும் எச்.ஐ.வி.-2 இயல்பிலேயே மசியாது. ஆகவே பாசிட்டிவ் வந்ததும் எந்த வகை என்று பிரித்தறிய வேண்டும். டோலுடெக்ராவிர் சேர்ந்த மருந்து இரண்டு வகைக்கும் வேலை செய்யும்.

ஹெபடைடிஸ் சி-யில் ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) பாசிட்டிவ் என்பதை நோய் என்று படிக்கக் கூடாது. தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்குச் சிகிச்சை இல்லாமலே ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடும். ஆன்டிபாடி மட்டும் தங்கும். பொய்யான பாசிட்டிவும் வரும். வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனை செய்தால்தான் உறுதி. எச்.ஐ.வி. முற்றி எதிர்ப்பாற்றல் குறைந்த பெண்ணுக்கு மாறாகவும் நடக்கும்: வைரஸ் இருந்தும் ஆன்டிபாடி நெகட்டிவ். குணமான பின் மறுபடி தொற்றியதா என்று ஆன்டிபாடி வைத்துப் பார்ப்பதும் வீண்.

ஹெபடைடிஸ் சி உள்ள தாய் பாலூட்டலாம், காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்த வேண்டும். இதைத் தெரியாமல் பால்புட்டிக்கு மாற்றி, சுத்தமில்லாத தண்ணீரில் குழந்தையை வயிற்றுப்போக்குக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் சி-க்குச் சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரையைப் பொதுவாக 12 வாரம் எடுத்தால் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. தொடங்கும் முன் இரண்டைப் பார்த்துவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்பது ஒன்று, இருந்தால் சி அடங்கும்போது பி விழித்துக்கொள்ளலாம். எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் எடுக்கிறாரா என்பது மற்றொன்று, அது வெல்படாஸ்விரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், முதலில் எச்.ஐ.வி. மருந்தை மாற்றிவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.