ஸ்டார்ட் ஆன கையோடு அணையும் கார்: கோளாறு எங்கே?

கார் ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் அணைந்தால் பலர் முதலில் பேட்டரியைத்தான் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. ஸ்டார்ட்டர் விறுவிறுவெனச் சுற்றியதென்றால் பேட்டரி தன் வேலையைச் செய்துவிட்டது. பார்க்க வேண்டியது, எஞ்சின் எந்தக் கட்டத்தில் அணைகிறது என்பதைத்தான்.

ஒன்று, இரண்டு விநாடி சீராக ஓடி, சுவிட்சை அணைத்ததுபோல் நின்றால் டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) சாவியை அடையாளம் காணவில்லை. உதிரிச் சாவியால் முயலுங்கள். சாவி திருகும் பழைய கார்களில், ஸ்டார்ட் நிலையிலிருந்து கையை எடுத்த நொடியே எஞ்சின் அணைந்தால் இக்னிஷன் சுவிட்சின் உள்தொடர்பு தேய்ந்திருக்கலாம்.

அடுத்து பெட்ரோல். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ நிலையில் மட்டும் வையுங்கள். பின்னிருக்கைப் பக்கம் பம்ப் சுமார் 2 விநாடி முனகி ஓயும் (சில கார்களில் கதவைத் திறக்கும்போதே முனகிவிடும்). சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்ச்) இரண்டையும் பாருங்கள். அதே எண் போட்ட இன்னொரு ரிலேயை மாற்றிச் சொருகினாலே தெரிந்துவிடும். சத்தம் வந்தால் மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது கூடுதல் நேரம் ஓடினால், அழுத்தம் லைனில் நிற்காமல் இறங்குகிறது, அல்லது பம்ப் தளர்ந்துவிட்டது. அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் சாதாரண இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் ஏறத்தாழ 3 முதல் 4 பார் காட்ட வேண்டும்.

ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் ஓடி, காலை எடுத்தால் அணைகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் காற்றுப் பாதையில். நம் சிங்கப்பூர் நெரிசலில் குறுந்தூரமே ஓடும் கார்களில், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் ஓரம் கரி படிந்து, ஐடிலுக்கான (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலை) சிறு இடைவெளியை அடைத்துவிடும். த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். அதன்பின் பல கார்களுக்கு ஐடில் ரீலேர்ன் (ஐடில் அளவைக் கார்க் கணினிக்கு மீண்டும் பழக்குதல்) செய்தாக வேண்டும். அதை விட்டுவிட்டு, “சுத்தம் செய்தும் சரியாகவில்லை” என்பவர்கள் ஏராளம்.

ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை வளைத்து, மடிப்புகளுக்குள் விரிசல் உண்டா என்று பாருங்கள். எஞ்சின் சூட்டில் ரப்பர் வெடித்து, சென்சார் அளக்காத காற்று உள்ளே போகும். காரின் கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பி0171 குறியீடு (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை), அல்லது ஃபியூயல் ட்ரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) +10 சதவீதத்துக்கு மேல் வந்தால் சந்தேகம் வலுக்கும். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரின் பிளக்கைக் கழற்றியதும் எஞ்சின் அணையாமல் ஓடினால் சென்சாரையும் சந்தேகிக்கலாம். செக் எஞ்சின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். சென்சாரை அதற்கென்றே விற்கும் கிளீனரால் மட்டும் கழுவுங்கள்.

பெட்ரோல் நிரப்பியபின் மட்டும் அணைந்தால், பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வைப் பாருங்கள். எல்லை தாண்டி ஜோகூரில், பெட்ரோல் குழாய் கிளிக் எனத் தானே நின்ற பிறகும் காரை ஆட்டி ஆட்டி விளிம்புவரை ஊற்றும் நம் பழக்கம் இதற்கு நல்ல உரம்: திரவப் பெட்ரோல், ஆவியை மட்டும் பிடித்துவைக்க வேண்டிய கரி கேனிஸ்டருக்குள் ஏறிவிடுகிறது. எஞ்சினை அணைத்து, வால்வைக் கழற்றி, அதில் நேராக வாய் வைக்காமல் ரப்பர் குழாயால் ஊதுங்கள். மின்சாரம் இல்லாத நிலையில் காற்று போனால் வால்வு திறந்தே சிக்கியிருக்கிறது.

இந்தச் சோதனைகளை அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் செய்யாதீர்கள், புகை தேங்கும். விரைவுச்சாலையில் அணைந்தால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இமாஸ் (விரைவுச்சாலைக் கண்காணிப்பு) மீட்பு வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அங்கிருந்து சின் மிங்கோ காக்கி புக்கிட்டோ, பட்டறைவரை இழுக்கும் செலவு உங்களுடையது.