பனிவிரிப்பு எப்போது இறங்கியது? கல்லை வைத்துக் காலம் கணிக்கும் முறை

அண்டார்டிகாவின் பனி ஒரு காலத்தில் எவ்வளவு உயரம் இருந்தது, எப்போது, எவ்வளவு வேகமாக இறங்கியது என்று தெரிய வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது நுனாட்டாக்குகளை, அதாவது பனிக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் மலைமுனைகளை. பனி உயரமாக இருந்தபோது எங்கிருந்தோ சுமந்து வந்த கற்களை, இறங்க இறங்க அந்தச் சரிவில் விட்டுவிட்டுப் போயிருக்கும். மேலே கிடக்கும் கல் முதலில் வெளியே வந்தது, கீழே கிடப்பது கடைசியில். ஒவ்வொன்றும் வானத்தைப் பார்த்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கண்டுபிடித்துவிட்டால் பனி இறங்கிய கதை முழுவதும் கைக்கு வந்துவிடும்.

இதற்குக் கடிகாரம் பெரிலியம்-10, அதாவது பெரிலியம் தனிமத்தின் கதிரியக்க வகை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் ஆக்சிஜன் அணுக்களை உடைக்கும்போது இது உண்டாகிறது. துருவப் பகுதியில், கடல் மட்டத்தில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்குச் சுமார் 4 அணுக்கள், அவ்வளவுதான். பத்தாயிரம் ஆண்டு வெளியே கிடந்த கல்லில் கிராமுக்கு நாற்பதாயிரம் அணு சேர்ந்திருக்கும். மேலே 10 மீட்டர் பனி மூடியிருந்தாலே இந்த உற்பத்தி ஓரிரு சதவீதமாகக் குறைந்துவிடும், அதனால்தான் பனி விலகிய நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

சரி, எந்தக் கல்லை எடுப்பது? மொத்த வேலையிலும் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான், ஏனென்றால் தவறான கல்லை எடுத்துவிட்டால் எவ்வளவு நல்ல ஆய்வகத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பைன் தீவுப் பனியாற்றை ஒட்டிய ஹட்சன் மலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அடிப்பாறை கருத்த எரிமலைப் பாறை. அதன்மேல் வெளிர்நிறக் கிரானைட் கல் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது அந்த ஊர்க் கல் இல்லை, பனிதான் கொண்டுவந்து வைத்தது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும், நமக்கு வேண்டிய குவார்ட்ஸும் அந்தக் கிரானைட்டில்தான் இருக்கிறது. பக்கத்தில் போய்க் குனிந்து பாருங்கள். முனைகள் மழுங்கியிருக்கிறதா, ஒரு பக்கம் தேய்த்துவிட்டதுபோல் தட்டையாக இருக்கிறதா, கீறல் கோடுகள் ஓடுகிறதா? இருந்தால் அது பனியாற்றின் அடியில் அரைபட்டு வந்த கல், பழைய மேல்தோலும் அதில் முன்பே சேர்ந்திருந்த பெரிலியம்-10-உம் உரிந்து போயிருக்கும், நல்லது. கூர்முனையோடு, துருப்பிடித்த நிறத்தில், காற்று அரித்த குழிகளோடு இருந்தால் விட்டுவிடுங்கள், அது இதற்கு முன்பே பல காலம் வெளியே கிடந்திருக்கலாம்.

கல் கெட்டியான அடிப்பாறைமேல் அசையாமல் இருக்க வேண்டும். சரளை மண்மேல் இருப்பது எப்போதாவது உருண்டிருக்கும். மேலே குன்று இருந்தால் அங்கிருந்து விழுந்ததா என்றும் பாருங்கள். சின்னக் கல்லென்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பெரிய பாறையென்றால் உச்சியில் சில சென்டிமீட்டர் மட்டும் உளியால் பெயர்த்தால் போதும். எடுப்பதற்கு முன் படம் எடுங்கள், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கல்லிலேயே குறியுங்கள், துண்டின் தடிமன், கடல் மட்டத்திலிருந்து உயரம், இன்றைய பனிப்பரப்பிலிருந்து உயரம், சுற்றியுள்ள மலைகள் வானத்தை எவ்வளவு மறைக்கின்றன என்ற கோணம், எல்லாவற்றையும் அங்கேயே நோட்டில் எழுதுங்கள். கூடாரத்துக்குத் திரும்பி எழுதலாம் என்றால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். ஓர் உயரத்துக்கு மூன்று கல்லாவது வேண்டும். அப்புறம், அண்டார்டிகாவில் கல் எடுக்க முன்அனுமதி கட்டாயம், அதைப் பயணத்துக்கு வெகு முன்பே வாங்கிவிடுங்கள்.

ஆய்வகத்தில் கல்லை நொறுக்கிச் சலித்து, காந்தத்தால் கருமணிகளை விலக்கி, நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். குவார்ட்ஸோடு கலந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் கரைந்து போகும், மழையோடும் பனியோடும் வந்து ஒட்டிய பெரிலியமும் போகும், கடைசியில் பாட்டிலின் அடியில் சர்க்கரை மாதிரி குவார்ட்ஸ் மட்டும் நிற்கும். இந்த அமிலம் தோலில் பட்ட உடனே வலிக்காமல் எலும்புவரை போகக்கூடியது, பயிற்சி இல்லாமல், இந்தக் காயத்துக்கு முதலுதவி மருந்தான கால்சியம் குளுகோனேட் ஜெல் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் தொடவே கூடாது. பிறகு தெரிந்த அளவு சாதாரணப் பெரிலியம்-9 சேர்த்துக் கரைத்து, பிரித்து, ஆக்சைடாக்கி, பெரிலியம்-9-க்கு எவ்வளவு பெரிலியம்-10 இருக்கிறது என்று அளக்கும் துகள்முடுக்கி நிறமாலைமானிக்கு அனுப்புவார்கள். இந்தியாவில் டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் இந்த வசதி இருக்கிறது. கல் எதுவும் போடாத வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே அனுப்ப மறக்காதீர்கள், அணு எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருக்கும்போது வேதிப்பொருளிலிருந்து வந்தது எவ்வளவு என்று தெரிந்தே ஆக வேண்டும்.

அணு எண்ணிக்கையை ஆண்டாக மாற்ற இணையத்தில் இலவசக் கணிப்பான்கள் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அண்டார்டிகாவில் அதே உயரத்தில் காற்றழுத்தம் மற்ற இடங்களைவிடக் குறைவு, கதிர் அதிகம் இறங்கும். அண்டார்டிகாவுக்கான வளிமண்டல அளவைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் எல்லாக் கல்லும் உண்மையைவிட வயதானதாக வரும்.

இனி வயதை ஒரு அச்சிலும் உயரத்தை இன்னொரு அச்சிலும் போடுங்கள். பேச்சுக்கு, பனிக்கு மேலே 300 மீட்டரில் 8,500 ஆண்டு, 100 மீட்டரில் 8,000 ஆண்டு என்றால் 500 ஆண்டில் 200 மீட்டர், ஆண்டுக்கு 40 சென்டிமீட்டர். பைன் தீவுப் பனியாறு சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய வேகத்துக்கு ஈடாக மெலிந்தது என்று ஹட்சன் மலைக் கற்களிலிருந்து இப்படித்தான் தெரிந்தது. மேரி பர்ட் லேண்டின் ஃபோர்ட் மலைத்தொடரில் கடந்த 10,000 ஆண்டில் 700 மீட்டருக்கு மேல் பனி இறங்கியதும் இதே வழியில் வந்த செய்திதான்.

ஒரே இடத்து மூன்று கற்களில் இரண்டு 8,000, ஒன்று 60,000 என்று வந்தால் பயப்பட வேண்டாம், சராசரி போடவும் வேண்டாம். அண்டார்டிகாவில் இது அடிக்கடி நடக்கும். அடியில் உறைந்து பாறையோடு ஒட்டிக்கிடக்கும் பனி கல்லைத் தேய்க்காமல் போர்வை மாதிரி மூடிவைத்துவிடும், பழைய அணுக்கள் அப்படியே மிஞ்சும், பெரிலியம்-10-இன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 14 லட்சம் ஆண்டு என்பதால் அவை எளிதில் அழியாது. இங்கே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் இளைய வயதுகளைத்தான் நம்ப வேண்டும். சந்தேகம் தீரவில்லையென்றால் அதே குவார்ட்ஸுக்குள் உண்டான கார்பன்-14-ஐ அளக்கச் சொல்லுங்கள், அதன் அரை ஆயுள் 5,700 ஆண்டுதான், முப்பதாயிரம் ஆண்டு பனிக்கடியில் கிடந்தால் பழைய கணக்கு கிட்டத்தட்ட அழிந்திருக்கும். அதனால் பெரிலியம் வேலை முடிந்ததும் மிச்சக் குவார்ட்ஸைக் கொட்டிவிடாமல், பெயர் ஒட்டிப் பத்திரமாக எடுத்துவையுங்கள், அந்தச் சரிவுக்கு இன்னொரு முறை போக வாய்ப்பு கிடைப்பது அரிது.