ஆச்சியின் வாயைக் கிண்டுவது எப்படி

"ஆச்சி, நம்ம வீட்டு வழக்கமெல்லாம் சொல்லுங்க" என்று பாட்டியிடம் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தால் ஒன்றும் தேறாது. "என்னத்தட்டி சொல்ல? எல்லாரும் செய்யுததத்தான் நாமளும் செய்யுதோம்" என்று முடித்துவிடுவார்கள். மறைக்கிறார்கள் என்று இல்லை. கை பழகிப்போன காரியத்தை வழக்கம் என்று தனியாக எடுத்துச் சொல்ல அவர்களுக்குத் தோன்றாது. ஆனால் நீங்கள் ஒன்றைத் தப்பாகச் செய்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவே முடியாது. அங்கேதான் பிடிக்க வேண்டும்.

சொதியில், அதாவது தேங்காய்ப்பால் குழம்பில் தொடங்கலாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் போடும் மாப்பிள்ளை விருந்துக்கு சொதிதான். காய்கறியும் தேங்காயும் வாங்கிக்கொண்டு அடுக்களையில் ஆச்சி பக்கத்தில் உட்காருங்கள். "பாசிப்பருப்பு போடாண்டாம்லா ஆச்சி?" என்று ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள். "கிறுக்கி, பருப்பு இல்லாம சொதியா?" என்று ஆரம்பித்தால் அப்புறம் நிற்காது. மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதி வருமுன் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துவிடும், எலுமிச்சம்பழம் இறக்கிய பிறகுதான், தேங்காய்ப்பால் மந்தம் என்பதால் இஞ்சிப் பச்சடி கட்டாயம். இதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும், எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் காத்திருக்க வேண்டியது அடுத்து வருவதற்கு. என் ஆச்சி பாலைப் பிழிந்துகொண்டே, அவர்கள் கல்யாணத்து மறுநாள் முதல் பந்தியில் இலை போடவில்லை என்று கோபித்துக்கொண்டு போன பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார்கள். அவர் சமாதானமாகித் திரும்பி வர ஒரு தலைமுறை ஆனதாம். எங்கள் வீட்டு விருந்தில் இன்றைக்கும் முதல் இலை ஏன் அந்த வீட்டுக்காரர்களுக்குப் போகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

எதைச் சொன்னாலும் உடனே ஒன்று கேளுங்கள்: "இது இந்த வீட்டு வழக்கமா, உங்க அம்மை வீட்டு வழக்கமா?" ஆச்சிகள் கல்யாணமாகி வந்தவர்கள், இரண்டு வீட்டு வழக்கம் தெரிந்தவர்கள். இதைப் பிரிக்காமல் எழுதினால் நோட்டு முழுக்கக் குழப்பம்தான். குலதெய்வத்தில் இது ரொம்ப முக்கியம். நம் பக்கம் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம். பெண்கள் கட்டிக்கொடுத்த பிறகு புருஷன் வீட்டு சாஸ்தாவுக்குத்தான் போவார்கள். அதனால் ஆச்சி பிறந்த வீட்டு சாஸ்தா எந்த ஊர் என்பதை நீங்களாகக் கேட்டால்தான் தெரியும். கோயில் பெயரோடு நிறுத்தாதீர்கள். சாஸ்தாவுக்கு என்ன படைப்பு, கூட இருக்கிற காவல் தெய்வங்களான மாடனுக்கும் பேச்சிக்கும் என்ன, கிடா வெட்டும்போது சாஸ்தா சன்னதியில் திரை போடுவார்களா, பொங்கல் பானையை எந்தப் பக்கம் பார்த்து வைப்பார்கள் என்று துருவ வேண்டும். அதிலும் ஒன்றைத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள், பலன் உண்டு.

மொய் நோட்டு இருந்தால் அதைவிட நல்ல புத்தகம் கிடையாது. பெயரை ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஆச்சி சாய்ந்திருக்கலாம், கண்ணை மூடியிருக்கலாம், ஆனால் "எந்த ஊர்க்காரன்னு போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். அதிலிருந்து உறவுமுறை தானாக வரும்.

வருஷம் கேட்டால் குத்துமதிப்பாகத்தான் பதில் வரும். அதனால் சம்பவத்தை வைத்துக் கேளுங்கள்: தனுஷ்கோடி புயலுக்கு (1964) முன்னாலயா, காமராஜர் முதல்வராக இருந்தபோதா, தாமிரபரணி வெள்ளம் வந்த 1992-க்கு அப்புறமா? பழைய பத்திரத்திலும் ஜாதகத்திலும் கொல்லம் ஆண்டு இருந்தால் பயப்பட வேண்டாம். அது கேரளத்திலும் நம் பக்கத்திலும் புழங்கிய ஆண்டுக் கணக்கு, ஆவணியில் பிறக்கும். ஆங்கில வருஷம் வேண்டுமென்றால், ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824 கூட்டுங்கள், அதற்கு மேல் ஆடி வரை 825. கொல்லம் 1102 கார்த்திகை என்றால் 1926. அதே 1102-இல் சித்திரை என்றால் 1927.

நேரம் பார்த்துப் போக வேண்டும். மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் வேண்டாம், சீரியல் நேரத்தில் வேண்டவே வேண்டாம். சாயங்காலக் காப்பிக்கும் விளக்கு வைப்பதற்கும் நடுவே, தார்சாவில் (முன்கட்டுத் திண்ணைப் பக்கம்) காற்று வரும்போது சரியாக இருக்கும். முடிந்தால் சின்ன ஆச்சியையும் கூட்டிவந்து உட்காரவையுங்கள். சிறுமிகள் வைக்கும் சிறுவீட்டுப் பொங்கலுக்கு மார்கழியில் சாணியில் பூ வைத்துத் தட்டி, தையில் ஆற்றில் விட்ட கதையை என் ஆச்சி தனியாகச் சொன்னபோது ரெண்டே வரிதான். சின்ன ஆச்சி பக்கத்தில் இருந்து "பீர்க்கம்பூவாக்கா வச்சோம்? பூசணிப்பூல்லா!" என்று மறித்ததும் சண்டை மூண்டு, யார் வீட்டுத் தோட்டத்துப் பூ, எந்தப் படித்துறை, யாருடைய பாவாடை நனைந்தது என்று அத்தனையும் வந்தது. நான் பேசவே இல்லை.

போனில் ரெக்கார்டு போடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இது எழுதாண்டாம்" என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அணைத்துவிடுங்கள். சொத்துத் தகராறு, ஓடிப்போன கதை எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். அது கேட்பதற்கு, பதிவுக்கு அல்ல. மீதியை வீட்டுக்கு வந்த அன்றே எழுதி, அடுத்த தடவை போகும்போது வாசித்துக் காட்டுங்கள். திருத்துகிற சாக்கில் இன்னும் கொஞ்சம் சொல்வார்கள்.