பழைய பத்திரிகையில் ‘ஜாதி’ என்று வந்தால்

பாரதியார் காலத்துப் பத்திரிகை எழுத்தைப் படிக்க உட்காருகிறவர்கள் அடிக்கடி இடறும் சொல் ‘ஜாதி’. நமக்கு அதைக் கேட்டதும் ஒரே பொருள்தான் தோன்றுகிறது. 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழை அந்தப் பொருளோடு புரட்டினால் கட்டுரையே தலைகீழாகிவிடும்.

அன்று ‘பாரத ஜாதி’ என்றால் பாரத மக்கள் எல்லோரும். ‘வந்தே மாதரம்’ பாடலைத் தமிழாக்கிய பாரதியார் அதற்கு வைத்த தலைப்பு ‘ஜாதீய கீதம்’. இதைச் சாதிப் பாட்டு என்று படித்தால் எவ்வளவு பெரிய அநியாயம்! தெலுங்கில் இன்றும் நாட்டுப்பண் ‘ஜாதீய கீதம்’தான். வங்கதேச நாடாளுமன்றத்தின் பெயர் ‘ஜாதிய சங்சத்’. பிறப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல் அது. ஒரு குலத்துக்கும் பொருந்தும், ஒரு நாட்டு மக்களுக்கும் பொருந்தும். தமிழில் பின்னாளில் ‘தேசிய’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சரி, இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தவறுக்குப் போகிறார்கள்: எங்கே ‘ஜாதி’ வந்தாலும் ‘தேசம்’ என்று மாற்றிப் படிப்பது. “ஜாதி மதங்களைப் பாரோம்” என்று எழுதியதும் அதே பாரதியார்தான். அங்கே அது நாம் அறிந்த சாதியேதான். பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். நாட்டின் பெயரோ மொழியின் பெயரோ முன்னால் இருந்தால் பெரும்பாலும் மக்களினம். மதம், குலம், வருணம் கூட வந்தால் சாதி. ‘ஸ்திரீ ஜாதி’, ‘மனித ஜாதி’ என்றால் வெறுமனே வகை.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. ‘பாரத ஜாதி’ என்றவரே ‘தமிழச் சாதி’ என்றும் எழுதினார். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்றைய அரசியல் வாதத்துக்கு ஆதாரமாக நீட்டுகிறார்கள். அவருக்கு இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. எல்லை வகுத்த அரசு என்ற கருத்தை அந்தச் சொல்லின் தலையில் ஏற்றுவது நம் வேலை, அவருடையது அல்ல.

மறுபதிப்புச் செய்பவர்கள் ‘ஜாதீய’ என்பதைத் ‘தேசிய’ என்று திருத்திவிடக் கூடாது. பொருள் சொல்ல வேண்டுமென்றால் அடிக்குறிப்பில் சொல்லலாம். அப்புறம், கணினியில் தேடும்போது ‘சாதி’ என்று மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். ‘ஜாதி’, ‘ஜாதீய’, ‘ஜாதிய’ மூன்றையும் போட்டுப் பாருங்கள். அன்றைய அச்சில் எழுத்துமுறை ஒரே சீராக இருந்ததில்லை.