பழைய நிலவரிக் கணக்குகளைப் படியெடுப்பது எப்படி?

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டு ஊர்க் கணக்கர்கள் எழுதிவைத்த நிலவரிக் கணக்குகள், ஓலையிலும் காகிதத்திலுமாக, ஆவணக் காப்பகங்களிலும் பழைய கணக்குப்பிள்ளை குடும்பங்களின் வீட்டுப் பரண்களிலும் இன்னும் கிடைக்கின்றன. இவற்றைப் படியெடுக்க முன்வருவோரில் பலர் இலக்கியச் சுவடிகளில் கைபழகியவர்கள். செய்யுளில் ஓர் எழுத்து மயங்கினால் எதுகையும் தளையும் கைகொடுக்கும். வரிக் கணக்கில் அந்தத் துணை கிடையாது. அதற்கு ஈடாக இங்கே கூட்டுத்தொகை இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கணக்கர் தாமே கூட்டி எழுதியிருக்கும் தொகையோடு நம் வாசிப்பைப் பொருத்திப் பார்ப்பதே இந்த வேலையின் உயிர்நாடி என்பது என் கருத்து. கீழே சொல்லப்படும் மற்றவை எல்லாம் அந்தப் பொருத்தத்துக்கு நம்மைக் கொண்டுசேர்க்கும் படிகள்.

படியெடுக்கத் தொடங்குமுன் அந்தக் கணக்கு எந்த வரிமுறையில் எழுதப்பட்டது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது அதன் வரி வருவாயை அனுபவிக்கும் உரிமையோடு, கொடுத்தார். அதன்பின் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அங்குள்ள ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், வீடு, குடி, விளைச்சல் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். அக்காலக் கணக்குகளில் களத்து நெல்லை அரசுக்குரிய மேல்வாரம், பயிரிட்டவருக்குரிய குடிவாரம் என்று பிரிக்குமுன் கோயில், கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர் எனப் பலருக்கும் உரிய பங்கு முதலில் கழிக்கப்படும். அந்தப் பங்குக்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். அடுத்த நூற்றாண்டில், குடியானவரிடமிருந்து அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை பரவிய பின் எழுதப்பட்ட கணக்கிலோ நிலத்தின் தரம், அதற்கேற்ற பணத் தீர்வை, வசூல், பாக்கி, வஜா (தள்ளுபடி) என்று பத்திகள் அமையும். முன்னதில் ஏட்டின் ஒரு வரியில் உள்ள கழிவை அடுத்த வரியின் தலைப்பாகப் படித்துவிட்டால், அந்த ஊரின் முழுக் கணக்கும் சரிந்துவிடும். ஆகவே முதல் ஏட்டிலேயே எழுதுகோலை எடுக்காமல், சுவடியை முழுவதுமாக ஒருமுறை புரட்டி, எங்கெங்கே தலைப்பு, எங்கே உள்தொகை, எங்கே மொத்தம் என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்வது நல்லது.

ஓலையைப் படமெடுக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக விழுமாறு வைத்தால், மை தேய்ந்துபோன கீறல்களும் நிழலால் தெரியும். எழுத்து தெரியவில்லை என்பதற்காக நாமே மை பூசுவதோ எண்ணெய் தடவுவதோ கூடாது. அது பாதுகாப்பாளரின் வேலை. ஒவ்வோர் ஏட்டையும் இருபுறமும் எடுத்து, ஏட்டின் இடது ஓரத்தில் உள்ள தமிழ் எண்ணையும் நாம் தரும் வரிசை எண்ணையும் சேர்த்தே கோப்புக்குப் பெயரிட வேண்டும். கயிறு மாற்றிக் கோக்கப்பட்ட கட்டுகள் மிகுதி என்பதால், இன்றைய வரிசை கணக்கர் எழுதிய வரிசையாக இருக்கும் என்று நம்ப முடியாது.

எழுத்தைப் பொறுத்தவரை, ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் வரும். ரகரமும் துணைக்காலும் பிரித்தறிய முடியாதபடி இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. ‘மேல்வாரம்’ என்பது கண்ணுக்கு ‘மெலவரரம’ என்றுதான் படும். ‘தரம்’ என்பதைத் ‘தாம்’ என்று எழுதிவிடுவதும் எளிது. இந்த மயக்கங்களைப் பொதுவான எழுத்து அட்டவணை ஒன்றைக் கொண்டு தீர்க்க முயல்வதைவிட, அந்தக் குறிப்பிட்ட கணக்கரின் கையெழுத்துக்கென்றே ஓர் அட்டவணை தயாரிப்பது பயன் தரும். தெளிவாகத் தெரியும் ஊர்ப்பெயர்கள், மாதப் பெயர்கள், திரும்பத் திரும்ப வரும் நஞ்சை, புஞ்சை, மானியம், தரிசு ஆகிய சொற்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தின் படத்தையும் வெட்டி ஒட்டிக்கொண்டால், சில பக்கங்களுக்குள் அவருடைய கை நமக்குப் பழகிவிடும். சுவடியின் நடுவில் கணக்கர் மாறினால் அட்டவணையும் மாற வேண்டும்.

எண்களில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். தமிழ் எண்கள் எழுத்துகளை ஒத்திருக்கின்றன: ௧ ககரத்தையும், ௨ உகரத்தையும், ௭ எகரத்தையும், ௮ அகரத்தையும், ௰ யகரத்தையும் போலத் தோன்றும். கால் என்ற பின்னத்தின் குறி வகரம் போன்றது. ஆகவே எட்டேகால் ‘அவ’ என்று தெரியும். ஏட்டின் தலையில் இட்ட பிள்ளையார் சுழியை இரண்டு என்று எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடும் ஆர்வலர்களும் உண்டு. பழைய முறையில் சுழியம் இல்லை. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் உண்டு. ௰க்கு முன்னால் நிற்கும் எண் அதைப் பெருக்கும், பின்னால் நிற்பது அதனோடு கூடும்: ௨௰ இருபது, ௰௨ பன்னிரண்டு. 1774 என்பது ௲௭௱௭௰௪ என்று வரும். ஒரே சுவடியில் இந்த முறையும் இடமதிப்பு முறையும் கலந்து வரக்கூடும் என்பதால், மூலத்தில் உள்ளபடியே குறிகளை எழுதிவிட்டு, இன்றைய எண்ணை வேறு பத்தியில் தருவதே முறை. நாள் ௳, மாதம் ௴, வருஷம் ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸ ஆகிய சுருக்கக் குறிகளையும் விரித்தெழுதாமல் அப்படியே முதலில் பதிய வேண்டும்.

பின்னங்கள் தனிக் கவனம் வேண்டுபவை. ஊர்க் கணக்கில் நிலமும் நெல்லும் முந்திரி வரை, சில இடங்களில் முந்திரிக்குள்ளும் கீழ்முந்திரி வரை பிரிக்கப்படும். இவற்றைத் தசமமாக மாற்றிக் கூட்ட வேண்டாம். எல்லாவற்றையும் முந்திரிக் கணக்கில் முழு எண்ணாக வைத்துக்கொண்டால் கூட்டல் எளிதாகும். ஒன்றில் 320இல் ஒரு பங்கு முந்திரி. அப்படியானால் அரைக்காணி 2, காணி 4, அரை மா 8, முக்காணி 12, மா 16, மாகாணி அல்லது வீசம் 20, இருமா 32, அரைக்கால் 40, மும்மா 48, மும்மாகாணி 60, நாலுமா 64, கால் 80, அரை 160, முக்கால் 240. இந்த வரிசையைக் கணினி விரிதாளின் ஓரத்தில் எழுதிவைத்தால், ஒவ்வொரு பதிவையும் படித்த கையோடு அதன் மதிப்பையும் இட்டுவிடலாம்.

இதன் பயனை ஒரு கற்பனை உதாரணத்தால் விளக்குகிறேன். பின்னங்கள் குறியாக இல்லாமல் சொல்லாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தில், ஒருவருடைய நஞ்சை மூன்று துண்டுகளாக, வேலி என்ற நில அளவின் பின்னங்களில் இருக்கிறது என்று கொள்வோம்: கால், மும்மாகாணி, அரைக்கால். சொல் பிரிப்பு இல்லாத எழுத்தில் நடுவிலுள்ளது மும்மாகாணியா, அல்லது மும்மாவும் காணியுமா என்பது கண்ணால் தீராது. முன்னது 60 முந்திரி, பின்னது 52. முன்னதைக் கொண்டால் கூட்டு 80, 60, 40 சேர்ந்து 180, அதாவது அரையே மாகாணி. பின்னதைக் கொண்டால் 172, அதாவது அரையே முக்காணி. அடியில் கணக்கர் எழுதியிருப்பது இவற்றுள் எது என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். கூட்டு பொருந்தாதபோது வேறுபாட்டின் அளவே துப்புத் தரும். எட்டு முந்திரி குறைந்தால் மாவை அரை மாவாகப் படித்தோமா என்று தேடலாம். 32 குறைந்தால் நாலுமாவை இருமாவாகப் படித்தோமா என்று பார்க்கலாம்.

ஆனால் கூட்டுத்தொகையைக் காட்டி மூலத்தைத் திருத்திவிடக் கூடாது. ஏட்டில் ‘மா’ என்று ஐயமின்றி இருக்கும்போது, தொகை சரியாவதற்காக ‘அரை மா’ என்று எழுதுவது படியெடுப்பு ஆகாது. கணக்கரும் தவறியிருக்கலாம், பழைய சுவடியிலிருந்து நகலெடுக்கையில் ஒரு வரியைத் தாண்டியிருக்கலாம், வரி குறைய வேண்டும் என்ற நோக்கமும் இருந்திருக்கலாம். எதிர்கால ஆய்வாளருக்கு அந்தப் பிழையும் சான்றுதான். ‘கூட்டு பொருந்தவில்லை, எட்டு முந்திரி குறைவு’ என்று குறிப்புப் பத்தியில் எழுதிவிட்டு மேலே செல்ல வேண்டும்.

அளவுகளின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றல்ல. தஞ்சைப் பகுதியில் குழி என்பது 12 அடிச் சதுரம், 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, ஏறத்தாழ 6.6 ஏக்கர். செங்கல்பட்டுப் பகுதியில் குழி 24 அடிச் சதுரம், 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். அங்கே காணி ஒரு நில அளவு. பின்ன வரிசையிலோ அது எண்பதில் ஒரு பங்கு. இரண்டையும் குழப்பியவர் வேலியில் எண்பதில் ஒரு பங்கான நிலத்தைப் பதினாறு மடங்கு பெருக்கிவிடுவார். நெல்லளவில் எட்டு நாழி ஒரு குறுணி, இரு குறுணி ஒரு பதக்கு, இரு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். சென்னைப் பக்கக் கணக்குகளில் 400 மரக்கால் கொண்ட கரிசையும் வரும். மரக்காலின் கொள்ளளவு சீமைக்குச் சீமை மாறியதால், லிட்டருக்கு மாற்றும் ஆசையைப் படியெடுக்கும் கட்டத்தில் அடக்கிக்கொள்வது உத்தமம். நாணயத்தில், கம்பெனிக் கணக்குப்படி நட்சத்திர வராகன் என்ற தங்க நாணயம் ஒன்றுக்குப் ‘பணம்’ என்ற சிறு நாணயம் 42, ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் வெள்ளி ரூபாய் சென்னை மாகாணத்தின் நாணயமானபோது ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்று கணக்கிடப்பட்டது.

காலத்தைக் கணிக்க மூன்று வழிகள் பெரும்பாலும் கிடைக்கும். பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டின் எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1210 என்பது 1800இன் நடுவில் தொடங்கி 1801இன் நடுவில் முடியும். அறுபது ஆண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை: ரௌத்திரி என்பது 1740, 1800, 1860 ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். கணக்கு முழுவதும் வராகனிலும் பணத்திலும் இருந்தால் 1860ஐ விலக்கிவிடலாம். பசலியும் உடன் இருந்தால் ஐயமே இல்லை. திருநெல்வேலிப் பக்கச் சுவடிகளில் கொல்லம் ஆண்டு வரும். அதனோடு மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும்.

படியை நான்கு பத்திகளாக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பேன்: ஏட்டில் உள்ளபடி வரிக்கு வரி, புள்ளியும் நெடிலும் சொல் பிரிப்பும் இட்ட வாசிப்பு, எண் மதிப்பு, குறிப்பு. சிதைந்த இடத்தை நாம் ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்பும், சுருக்கத்தை விரித்தால் வளை அடைப்பும் இடுவது, பழைய எழுத்துகளைப் பதிப்பிப்பதற்கென 1931இல் வகுக்கப்பட்ட லெய்டன் மரபு. அந்த மரபில் ஐயமான எழுத்துக்குக் கீழே புள்ளி இடுவார்கள். தமிழில் அது மெய்ப்புள்ளியோடு குழம்பும் என்பதால் எழுத்தை அடுத்துக் கேள்விக்குறி இடுவதே மேல். முற்றிலும் தெரியாத எழுத்துக்கு எண்ணிக்கைப்படி சிறு கோடுகள் போதும். பின்னக் குறிகளுக்கு 2019இல் வெளியான யூனிகோடு 12.0 தனி இடம் ஒதுக்கியிருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற எழுத்துரு அவற்றைக் காட்டும். அது நிறுவப்படாத கணினியில் வெறும் கட்டங்களே தெரியும் என்பதால், மூன்றாம் பத்தி இல்லாமல் கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கையெழுத்தைத் தானாகப் படிக்கும் டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்களுக்கு நாம் படியெடுத்த பக்கங்களைக் கொடுத்து ஒரு கையெழுத்தைப் பயிற்றுவிக்க முடியும். ஒரே கணக்கரின் பக்கங்கள் நிறைய இருந்தால் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. நாலைந்து ஏடுகளுக்கு அது வீண். எப்படியும் பின்னங்களை மனிதக் கண் சரிபார்த்தே ஆக வேண்டும்.

முதல் படி முடிந்தபின் இருவர் அமர்ந்து ஒப்புநோக்க வேண்டும். ஒருவர் மூலப் படத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் படியைப் பார்த்துக்கொண்டிருப்பார். படிப்பவர் படியைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதில் உள்ளதையே அவர் கண்ணும் காணும். கணக்குகளில் குடிகளின் பெயரும் சாதியும் வரும். படியில் அவற்றை நீக்காமல் பதிய வேண்டும். ஆனால் இன்றும் நீதிமன்ற வழக்கில் உள்ள நிலத்தைப் பற்றிய ஏடு என்று தெரிந்தால், இணையத்தில் ஏற்றுமுன் சுவடிக்குரியவரின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. படியின் முகப்பில் சுவடி இருக்கும் இடம், ஏட்டு எண்கள், படியெடுத்தவர், ஒப்புநோக்கியவர், தேதி, தீராமல் விட்ட ஐயங்களின் பட்டியல் ஆகியவை இடம்பெற வேண்டும். பிறகு திருத்தம் செய்தால் பழைய கோப்பை அழிக்காமல் புதிய தேதியிட்டுத் தனியாகச் சேமிக்க வேண்டும்.