கையெழுத்துச் சாயலில் பொங்கல் அழைப்பிதழ்: எழுத்துருத் தேர்வு முதல் அச்சகம் வரை

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்குத் தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அழைப்பிதழ் வடிவமைத்த முறையை இங்கே எழுதுகிறேன். எழுத்துருவைப் பதிவிறக்கி நிறுவுவது எல்லோருக்கும் தெரிந்ததே என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் எழுத்துருவின் குணத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திருமணப் பத்திரிகைகளில் காணும் சுழித்த ஆங்கில எழுத்துகள் கூர்முனைப் பேனாவின் வழிவந்தவை. அவற்றில் ஒரு விறைப்பு உண்டு. 1942இல் வெளிவந்த பிரஷ் ஸ்கிரிப்ட், 1953இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ரோஜே எக்ஸ்கொஃபோன் தம் கையெழுத்தைக் கொண்டே உருவாக்கிய மிஸ்ட்ரல் போன்ற எழுத்துருக்கள் அந்த விறைப்பைத் தளர்த்தி, தெரிந்தவர் அவசரமாக எழுதிக் கொடுத்த சீட்டின் நெருக்கத்தைத் தருகின்றன. ஆகவே தலைப்புக்கும் வாழ்த்து வரிக்கும் இவை பொருந்தும். நேரம், இடம், தொலைபேசி எண் ஆகியவற்றுக்குப் பொருந்தா.

தமிழுக்கு நான் தேர்ந்தெடுத்தது தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார். சாய்வான எழுத்து, கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் ஒரே தடிமன்தான் உண்டு என்பதால் 'போல்ட்' பொத்தானை அழுத்தாதீர்கள். மென்பொருள் போலியாகத் தடிப்பாக்கி எழுத்தின் சுழிகளை அடைத்துவிடும். ஆங்கிலத்துக்குக் கேவியட் என்ற கையெழுத்துச் சாயல் எழுத்துரு போதும். ஒரே எழுத்து மீண்டும் வரும்போது சற்று வேறு வடிவம் காட்டும் வசதி அதில் இருப்பதால் அச்சடித்த வாடை குறைகிறது.

அடுத்ததுதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த படி. ஃபோட்டோஷாப்பில் 'பொங்கல்' என்று ஒட்டினால் பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கக்கூடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் 'ொ' என்பது பகரத்துக்குப் பின்னால் வரும் ஒரே குறியீடு. அதைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைப்பது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. குறை எழுத்துருவில் இல்லை. பத்தி அமைப்புகளில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பழைய பதிப்புகளில் இதே வசதி 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்ற பெயரில், விருப்ப அமைப்புகளின் 'டைப்' பகுதியில் இருக்கும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள்தான் என் பரிந்துரை: இலவசம், தமிழும் எடுத்த எடுப்பில் ஒழுங்காக வரும்.

எழுத்திடைவெளியைக் கூட்ட வேண்டாம். கோத்தெழுதிய ஆங்கில எழுத்துகள் அறுந்துபோகும். ஆங்கிலத்தை முழுக்கப் பெரிய எழுத்துகளில் அடிப்பதும் கூடாது. கன்னட வரியை நோட்டோ சான்ஸ் என்ற எளிய எழுத்துருவில் விட்டேன்; ஒத்தக்ஷரங்கள் (கூட்டெழுத்தில் அடியில் எழுதப்படும் மெய்வடிவங்கள்) கீழே இறங்குவதால் அதற்கு வரியிடைவெளி கூடுதலாகத் தேவை.

கடைசியாக, எழுத்தை முழுவதும் தேர்ந்தெடுத்து 'பாத்' ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிப் பிடிஎஃப் எடுங்கள். பிறகு திருத்த முடியாது என்பதால் மூலக்கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: அச்சகத்தில் திறந்தபோது தமிழ் முழுவதும் குப்பையாகத் தெரிந்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். யூனிகோடு உரையைப் பாமினி போன்ற, யூனிகோடு முறையில் அமையாத பழைய எழுத்துருவில் ஒட்டினால் அப்படித்தான் ஆகும். அச்சகத்துக்கு வேர்டு கோப்பை அனுப்பாமல், மேலே சொன்ன பிடிஎஃபை மட்டும் அனுப்புங்கள்.